தரை போன கார்

பழைய அம்பாசிடர் வாங்கப் போகிறவர் முதலில் பானெட்டைத் திறப்பார். விவரம் தெரிந்தவரானால் எஞ்சின் சத்தத்தைக் கேட்பார், நான்கு கதவையும் திறந்து மூடிப் பார்ப்பார். டிங்கரின் வழி வேறு. அவர் டிரைவர் சீட்டுக்கு முன்னால் குனிந்து, ரப்பர் மேட்டைச் சுருட்டி, அடியில் இருக்கும் சணல் விரிப்பை விலக்கி, ஸ்குரூ டிரைவர் முனையால் தகட்டை ஒரு குத்து குத்துவார். நல்ல தகடு முனையைத் திருப்பி அனுப்பும். கெட்ட தகட்டில் அது கைப்பிடி வரை இறங்கும். உருவினால் ஓட்டை வழியே பட்டறையின் மண் தெரியும். “மேலல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, தரைதான் போயிட்டு” என்று சங்கரன்கோவில் பக்கத்தில் தீர்ப்பு வரும்.

இந்த வட்டாரத்தில் கார் துருப்பிடிக்க நியாயமே இல்லை. தூத்துக்குடியிலும் சென்னையிலும் உப்புக்காற்று தகட்டைத் தின்கிறது என்றால் ஒப்புக்கொள்ளலாம். சங்கரன்கோவில் கடலை விட்டு வெகுதூரம் உள்ளே இருக்கும் வெயில் ஊர். ஆனால் இரும்பு துருவாக மாறுவதற்கு உப்பு கட்டாயமில்லை. தண்ணீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் போதும். உப்பு வேலையை விரைவுபடுத்தும், அவ்வளவுதான். முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் வெயிலில் வெடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை அந்த வெடிப்பு வழியே டேஷ்போர்டுக்குப் பின்னால் கசிந்து, ஃபயர்வாலில் வழிந்து, மேட்டுக்கு அடியில் போய்த் தங்குகிறது. ஃபயர்வால் என்பது எஞ்சினுக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே நிற்கும் தகட்டுச் சுவர். தரையும் அதுவும் சேரும் மூலையில்தான் முதல் துரு பிறக்கும். அடுத்த நாள் வெயிலடித்தால் மேட்டின் மேல்பக்கம் காய்ந்துவிடும். அடியில் கிடக்கும் சணல் விரிப்பு மட்டும் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும்.

வெளியிலிருந்தும் தாக்குதல் உண்டு. கரிசல் சேறு சக்கரத்திலிருந்து தெறித்து அடித்தகட்டு மடிப்புகளில் அப்பிக்கொண்டால் லேசில் உதிராது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மர நிழலில் நிறுத்திய காருக்கு வேறு வினை. கண்ணாடிக்குக் கீழே காற்று புகும் வழியில் வேப்பஞ்சருகு விழுந்து மக்கி, தண்ணீர் வடியும் துளையை அடைத்துவிடும். பிரேக் ஆயில் சிந்தினால் பெயின்ட் உரியும். பாட்டரி ஆசிட் சிந்தினால் பெயின்டோடு தகடும் போகும். துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும் பொருள். இரண்டு தகடு சேரும் மடிப்புக்குள் அது புகுந்துவிட்டால் ஊதி, மடிப்பையே பிளந்துவிடும். வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

ஆனால் தரையை உண்மையில் கொல்வது மழையோ சேறோ இல்லை என்று தோன்றுகிறது. மேட்டைத் தூக்கி, ஒவ்வொரு அடுக்காகப் பிரித்துப் பார்த்தால் காரின் குடும்ப வரலாறு கிடைக்கும். மேலே ஒரு தகரத் துண்டு, நான்கு மூலையிலும் ரிவெட். அதற்கு அடியில் எம்-சீல். அதற்கும் அடியில் தார். அதன் கீழே பொடிப்பொடியாக உதிரும் பழுப்புநிறத் தூள். அதுதான் ஒரு காலத்தில் தரை. இவற்றில் எதையும் காரை வெறுத்தவர் செய்யவில்லை. துருவின் மேல் தார் பூசியவருக்குக் காரின் மேல் பிரியம்தான். ஆனால் தார் ஈரத்தை வெளியே போகவிடவில்லை. தகரம் அந்தத் தாரை யாரும் பார்க்காதபடி செய்தது. புது மேட் தகரத்தையும் மறைத்தது. யாரும் தொடாமல் ஓட்டையோடு விட்டிருந்தால்கூட, காற்று புகுந்து கொஞ்சம் காய்ந்திருக்கும்.

வீடுகளிலும் தொழில்களிலும் இதே அடுக்குகளைப் பார்க்கலாம். அப்பா வைத்துப்போன கடையில் கணக்கு சரியில்லை என்று தெரிந்தும் சொல்ல மனமில்லாமல் ஒரு கடனை வாங்கி மூடுவது, அந்தக் கடனை இன்னொன்றால் மூடுவது. எல்லாம் அக்கறையில் நடப்பவை. அதனாலேயே அவற்றைக் குற்றம் சொல்வது கடினம்.

காருக்கு வருவோம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவில் 1950களின் கடைசியில் உத்தர்பாடாவில் பிறந்து, 2014 மே மாதம் அதே ஆலையில் உற்பத்தி நின்ற அம்பாசிடருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. லாரிக்கும் ஜீப்புக்கும் இருப்பதுபோல ஒரு சேஸிஸின் மேல் உடலைத் தூக்கி வைக்கவில்லை. தரை, ஃபயர்வால், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித்தகடு, கூரை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, சேர்ந்து சுமக்கின்றன. ஆகவே அம்பாசிடரின் தரை காலை வைக்கும் இடம் மட்டுமல்ல, அது எலும்பு. நம் சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் சங்கதி வேறு. அதற்குத் தனிச் சேஸிஸ் உண்டு, உடல் அதன்மேல் போல்ட்டில் நிற்கிறது. ஹெரால்டின் தரையை அறுத்தாலும் கார் கார்தான். அம்பாசிடரின் தரையை யோசிக்காமல் இரண்டு பக்கமும் அறுத்தெடுத்தால் உடல் நடுவில் தொய்ந்துவிடும். புதுத்தகட்டை அந்தத் தொய்வோடு சேர்த்தே வெல்டிங் செய்துவிட்டால் கதவு பிறகு ஒருநாளும் பொருந்தாது.

இதனால்தான் நல்ல டிங்கர் வேலையின் முதல் நாள் எதையும் அறுக்காமலே கழியும். பாட்டரி வயரைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கி வைப்பார்கள். சீட்டும் வயரிங்கும் வெளியே போகும். காரைச் சமமாகத் தூக்கி, உறுதியான இடங்களில் ஸ்டாண்டு கொடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு கதவு வாசலிலும் முன்தூணையும் நடுத்தூணையும் இணைத்து இரும்புப் பைப்பைக் குறுக்கே பற்றவைப்பார்கள். மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்து, சுவரில் சாக்பீஸால் எழுதி வைப்பார்கள். இத்தனையும் ஆன பிறகே ஒரு பக்கத்துத் தரை அறுபடும். அது முழுதாகச் சேர்ந்து, அளவு சரிபார்க்கப்பட்ட பின்தான் மறுபக்கம். அவசரக்காரருக்கு இது நேர விரயமாகத் தெரியும். காலையில் காரை விட்ட உரிமையாளர் மாலையில் வந்து பார்த்தால், கார் இருந்த நிலையைவிட மோசமாகக் கம்பி கட்டி நிற்கும்.

அழுகலைக் கண்டுபிடித்த மனிதருக்கு இரண்டு ஆசைகள் வரும். ஒன்று மூடிவைக்கும் ஆசை. மற்றது எல்லாவற்றையும் ஒரே நாளில் பிய்த்தெறியும் ஆசை. இரண்டாவதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொள்வது நமக்கு வழக்கம். பட்டறை அதை ஒத்துக்கொள்வதில்லை. அங்கே நேர்மை என்பது டேப்பில் வந்த அளவு.

சங்கரன்கோவிலில் இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. கோயில் திருப்பணி என்றால் முதலில் பாலாலயம். மூல மூர்த்தியின் சக்தியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றி, அங்கே பூசை நடந்துகொண்டிருக்க, விமானத்தையும் மண்டபத்தையும் புதுப்பிப்பார்கள். பூசை ஒருநாளும் நிற்காது. திருப்பணியில் தவறும் நடந்திருக்கிறது. தமிழகக் கோயில்களில் எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் நீக்க மணல் வீச்சு முறையைப் பயன்படுத்தியபோது கல்வெட்டு எழுத்துகளும் சேர்ந்து மழுங்கின. எதிர்ப்பு கிளம்பி, அந்த முறையைத் தடை செய்யும் நிலை வந்தது. கார் பட்டறையிலும் அதே மணல் வீச்சுதான் துருவுக்கு மருந்து. கனத்த சேஸிஸுக்கு அது பொருந்தும். மெல்லிய கூரையிலும் கதவிலும் அழுத்தம் குறையாமல் அடித்தால் தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும். சுத்தம் செய்யும் வேகத்தில் சுத்தம் செய்ய வந்த பொருளையே இழப்பது கோயிலிலும் நடக்கிறது, பட்டறையிலும் நடக்கிறது.

வெட்டி எடுத்த இடத்துக்கு 18 அல்லது 20 கேஜ் தகடு வரும். 18 கேஜ் என்றால் 1.2 மில்லிமீட்டர், 20 என்றால் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. துருவுக்குப் பயந்து ஜி.ஐ. ஷீட் போடச் சொல்கிற உரிமையாளர்கள் உண்டு. அதில் வெல்டிங் வைத்தால் துத்தநாகம் ஆவியாகி, சுவாசித்தவருக்கு இரவில் குளிர்காய்ச்சல் வரும். அந்தக் காய்ச்சல் உரிமையாளருக்கு வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரணத் தகட்டைப் போட்டு, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொட்டு வைத்து, சூடு ஓரிடத்தில் சேராமல் சுற்றி வந்து, கடைசியில் பிரைமரும் மடிப்புக்கு சீலரும் கொடுப்பதே நல்ல வேலை.

இவ்வளவும் ஆன பிறகு, இது அதே காரா?

இந்தக் கேள்வி பத்து மில்லியன் பவுண்டு விலை பேசி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான்ஸ் பந்தயத்தில் வென்ற பென்ட்லி கார், ‘ஓல்டு நம்பர் ஒன்’. பந்தயத்துக்குப் பிறகு அதன் சேஸிஸ், எஞ்சின், உடல் எல்லாம் வெவ்வேறு காலத்தில் மாறிவிட்டன. வாங்க ஒப்புக்கொண்டவர்கள் ‘இது அந்தக் காரே இல்லை’ என்று பின்வாங்கியபோது, 1990இல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன் பாகங்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அந்தக் கார் இடையில் ஒருநாளும் இல்லாமல் போகவில்லை, தொடர்ந்து ஒரே காராக வாழ்ந்து வந்திருக்கிறது. ஆகவே அதுதான் இது என்று தீர்ப்பளித்தார். பாலாலயம் தெரிந்த ஊருக்கு அந்தத் தீர்ப்பு புதிதாக இருக்காது.

நேர் எதிரான முடிவும் உண்டு. சுவிட்சர்லாந்தில் சுங்கவரி கட்டாததால் 1936இல் மாஜோரே ஏரியில் மூழ்கடிக்கப்பட்ட 1925ஆம் ஆண்டு புகாட்டி ஒன்றை 2009இல் மேலே தூக்கினார்கள். துருவும் சேறுமான அந்தக் கூட்டை ஏலத்தில் வாங்கிய அமெரிக்கச் சேகரிப்பாளர் பீட்டர் மல்லின், அதைப் புதுப்பிக்க மறுத்து அப்படியே காட்சிக்கு வைத்தார். அதற்கு இனி ஓடும் கடமை இல்லை. நேதாஜி 1941 ஜனவரியில் கொல்கத்தா வீட்டிலிருந்து தப்பிச் சென்ற வாண்டரர் காரை மட்டும் புதுப்பித்தே தீர வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 2017 ஜனவரியில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அதைத் திறந்துவைத்தார்.

சங்கன், பத்மன் என்ற இரண்டு நாகர்கள் சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சண்டையிட்டதற்கு விடையாகத்தான் ஒரே உருவில் இரண்டு பாதியாகச் சங்கரநாராயணர் காட்சி தந்தார் என்பது சங்கரன்கோவில் தலபுராணம். ‘தொடாதே’ கட்சிக்கும் ‘புதுப்பி’ கட்சிக்கும் அப்படி ஒரு சமாதானம் இன்னும் கிடைக்கவில்லை. பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனம் ஓரளவு நெருங்குகிறது: முடிந்தவரை இருப்பதைக் காப்பாற்று, மாற்றினால் கண்ணை உறுத்தாத, அழியாத அடையாளம் வை என்கிறது. அடித்தகட்டில் வெல்டிங் கோட்டைப் பட்டி பூசி, தேய்த்து, கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே செய்துவிடுவதுதான் திறமை என்று நம்பும் டிங்கர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் சாசனம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பழைய தகரத் துண்டின் தப்பு அது ஒட்டு என்பது இல்லை, ஒட்டு இல்லாததுபோல் நடித்தது.

அப்பா ஓட்டிய காரின் தரையை அறுக்க மகனுக்குக் கை வராது. ஆக்சிலரேட்டருக்குக் கீழே குதிகால் ஊன்றி ஊன்றி மழுங்கிய ஒரு வட்டம் இருக்கும். அதை எடைக்குப் போடுவதா? இந்தத் தயக்கத்தைக் கேலி செய்யக்கூடாது. அந்த வட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. அதைக் காரிலேயே விட்டால் நாளை அந்த இடத்தில் பேரனின் கால் ஊன்றும், தகடு தாங்காது.

சட்டம் இன்னொரு பக்கம் நிற்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வாகனம் ‘வின்டேஜ்’ பதிவு பெறலாம். எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும், புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், உடல்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் நடந்திருக்கக்கூடாது. அதே வடிவில், அதே இடத்தில் போட்ட தரைத்தகடு மாற்றமா, பழுது நீக்கமா என்பதற்கு விதியின் வரியில் நேரான பதில் இல்லை. ஃபயர்வாலில் சிக்கல் இன்னும் கூர்மை. பல பழைய கார்களில் கம்பெனியின் அடையாளத் தகடு அதில்தான் ரிவெட் அடித்திருக்கும். சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சைத்தான் ஆர்.டி.ஓ. அலுவலகம் காரின் முகமாக ஏற்கும். எண் உள்ள துண்டை வெட்டி வேறு தகட்டில் ஒட்டுவது திருட்டுக் கார்க்காரர்களின் வேலை. நல்ல எண்ணத்தில் செய்தாலும் பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரியும். அதனால் விவரமான பட்டறையில் ஃபயர்வால் வேலை என்றால், எண்ணைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குச் சாக்பீஸ் கோடு போட்டுவிடுவார்கள். அந்தக் கோட்டுக்குள் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் கையால் தேய்த்து எடுப்பார்கள். ஆர்.சி. புத்தகத்தோடு எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரும்படி உரிமையாளரை அனுப்பி வைப்பார்கள். அவர் திரும்பி வரும்வரை கட்டிங் மெஷினுக்குப் பிளக் மாட்டுவதில்லை.