துண்டு போட்ட இடம்

நாமக்கல் பஸ் நிலையத்தில் கொல்லிமலை பஸ் வந்து நிற்கும் முன்பே அதன் ஜன்னல்கள் வழியாகத் துண்டுகள் பறந்தன. நம் நாட்டில் இந்தத் துண்டுக்கு இருக்கிற மரியாதை எனக்கு எப்போதுமே வியப்பு. பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்துக் கிடையாது. ஈரம் காயாத ஒரு துண்டை வீசிவிட்டால் போதும், இருக்கை நமக்குச் சொந்தமாகிவிடுகிறது. பக்கத்தில் கால் கடுக்க நிற்பவர்கூட அதை எடுத்து எறியத் துணிவதில்லை.

அன்று நானும் துண்டு போட்டேன். எனக்கு ஓர் இடம். சேந்தமங்கலத்தில் ஏறுவதாகச் சொல்லியிருந்த நிலத் தரகருக்கு ஓர் இடம். பஸ் கிளம்பும்போது இடுப்பில் குழந்தையோடு ஏறிய ஒரு பெண் காலி இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஆள் வருது அம்மா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சேந்தமங்கலம் வந்தது. தரகர் வரவில்லை. மோட்டார் சைக்கிளில் முன்னாலேயே மலைக்குப் போய்விட்டதாகக் கைபேசியில் சொன்னார். துண்டை எடுத்துக்கொண்டேன்; அந்தப் பெண் உட்கார்ந்தாள். அத்தனை நேரம் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது யார்? நானும் இல்லை, தரகரும் இல்லை. இரண்டு முழத் துணி.

காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பஸ் திணறித் திரும்பும்போது நான் என் காரியத்தைப் பற்றித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். எழுத்தாளன் என்றால் வயதான காலத்தில் மலைமேல் ஒரு குடில் வேண்டும் என்று யாரோ விதி எழுதி வைத்திருப்பது போல் எனக்கு ஓர் ஆசை. வளப்பூர் நாட்டில், அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும் வழியில், 20 சென்ட் பட்டா நிலம் இருப்பதாகத் தரகர் சொல்லியிருந்தார். பள்ளத்தாக்கைப் பார்த்த இடம். பலா மரம் இரண்டு. மிளகுக் கொடி உண்டு. விலை சென்னைக் கணக்கில் மிகக் குறைவு. அந்த "மிகக் குறைவு" என்ற சொல்தான் என்னை மலையேற வைத்தது.

நிலத்துக்காரர் எழுபது வயதைத் தாண்டிய மலையாளிப் பெரியவர். 'மலையாளி' என்றதும் கேரளத்தை எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் கொல்லிமலை, சேர்வராயன் மலை, பச்சைமலைப் பழங்குடி மக்களுக்கு வழங்கும் பெயர் அது. பெரியவருடைய வீடு மண் சுவர் வீடு. கூரை மட்டும் தகரமாக மாறியிருந்தது.

"இந்த வீட்டை நான் கட்டறப்போ காசுன்னு செலவானது கதவுக்கும் ஆணிக்குந்தானுங்க" என்றார். "மண்ணு இங்கேயே வெட்டினோம். கூரைப் புல்லு அந்தக் கரட்டுலே அறுத்தோம். சனம் பூராவும் வந்து கை குடுத்தாங்க. இப்போ புல்லு எங்கே இருக்குதுங்க? எல்லாம் குச்சிக்கிழங்குக் காடாப் போச்சு."

உண்மைதான். தினையும் சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் இன்று பெரும்பகுதி மரவள்ளி. அது லாரி ஏறிக் கீழே உள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. காசு வருகிறது, ஆனால் வீடு கட்டும் சாமானும் காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது.

எப்போது கட்டியது என்று விசாரித்தேன். அவர் சொன்ன கணக்கு ஏறக்குறைய 1979இல் போய் நின்றது. அதே வருஷத்தில்தான் நான் வேளச்சேரிப் பக்கம் ஒரு கிரவுண்டு மனை வாங்கினேன்.

பெரியவரின் மகன் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்திருந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. லைன் வீட்டில் ஒற்றை அறை. மனைவி, குழந்தை இரண்டு. திருவிழாவுக்கு வந்தவன் நிலம் விலையாகிறது என்று கேள்விப்பட்டு ஊருக்குத் திரும்பாமல் இருந்துவிட்டான்.

"பொண்ணு கலியாணத்துக்கு வாங்கின கடன் இருக்குதுங்க. வித்தாத்தான் தீரும். நான் சாகற வரைக்கும் இந்த வீடு எனக்குப் போதும்" என்றார் பெரியவர்.

"உங்களுக்குப் போதுமப்பா. எனக்கு?" என்றான் மகன்.

ஒற்றைச் சொல்தான். பிறகு என் பக்கம் திரும்பி மரியாதையாகவே விளக்கினான். கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் மலைப்பகுதிக்கு ரூ. 1,30,000 என்று 2016இல் வகுத்தார்கள். பணம் வரலாம், அதை எந்த மண்ணில் ஊன்றுவது? மற்ற நிலம் சித்தப்பன்மாருக்கும் அண்ணனுக்கும் பங்காகிப் போயிற்று. மிச்சம் இந்த 20 சென்ட். பக்கத்தில் விடுதி கட்ட வெளியூர்க்காரர்கள் வாங்க ஆரம்பித்த பிறகு, அவன் சம்பாத்தியத்தில் அங்கே ஒரு சென்ட் வாங்குவதுகூடக் கனவு.

"உங்க மேலே கோபம் இல்லீங்க சார். நீங்க வாங்கலேன்னா இன்னொருத்தர் வாங்குவாரு" என்று முடித்தான்.

யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு விடுதிக்கு வந்தேன். இரவு நல்ல குளிர். தூக்கம் வரவில்லை.

முதலில் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். இந்த மலை யாருடையது? கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி ஆண்ட மலை இது. செம்மேட்டில் சிலையாக அவனைக் காணலாம். வாரி வாரிக் கொடுத்த அந்த ஓரியைக் கொன்று, மலையமான் திருமுடிக்காரி இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். மலையாளி மக்களின் கதையோ தாங்களே காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்கிறது. சகோதரர்கள் மூவர் ஆளுக்கொரு மலையாகக் குடியேறினார்களாம். ஆகவே ஆதியில் வந்தவன் என்று யாரைச் சொல்வது? எல்லோரும் ஒரு நாள் வந்து ஏறியவர்கள்தாமே? நானும் ஏறினால் என்ன?

வாதம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதே வாதத்தை என் வேளச்சேரித் தெருவில் நான் ஒப்புக்கொண்டேனா? அங்கேதான் மனம் இடறிற்று.

வாசகர்களிடம் ஒளிப்பானேன்? 1979இல் என் மனையின் விலை 18,000 ரூபாய். அன்று அது தவளை கத்தும் காடு. 2000இல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. 2007இல் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை வந்தது. அரசாங்கம் சாலை போட்டது. பல்லாயிரம் இளைஞர்கள் வேலை தேடி வந்தார்கள். மனையின் விலை ஏறியது, ஏறியது, கோடிகளில் போய் நின்றது. இதில் என் உழைப்பு எது? வேலி கட்டினேன், இரண்டு தென்னை வைத்தேன். ஸான்பிரான்ஸிஸ்கோவில் பத்திரிகையாளராக இருந்த ஹென்றி ஜார்ஜ் 1879இலேயே 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற நூலில் இதை வாதித்தார். மண்ணின் விலையை உயர்த்துவது சொந்தக்காரனுடைய உழைப்பு அல்ல, சுற்றிலும் வந்து கூடும் சமூகம் என்பது அவர் கட்சி.

அப்படிச் சமூகம் கொடுத்த செல்வத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்தேன்? போன வருஷம் எங்கள் தெருவில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று கட்ட ஏற்பாடு நடந்தது. தெருவாசிகள் கூடி ஆட்சேப மனு கொடுக்கத் தீர்மானித்தார்கள். எழுதிக் கொடுக்கும் பொறுப்பு இயல்பாகவே என்மேல் விழுந்தது. தெருவின் அமைதி, மரங்களின் நிழல், 2015 டிசம்பர் வெள்ளம் என்று உருக்கமாக எழுதினேன். வெள்ளம் பொய்யல்ல, எங்கள் வீட்டுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஆனால் என் மனையே ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் பரந்து நின்ற இடம் என்பதை மனுவில் எழுத மறந்துவிட்டேன்.

கேளம்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கும் என் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அந்த மனுவைப் படித்தான். "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்கப்பா" என்றான். சற்றுப் பொறுத்து, "அந்தக் கட்டடத்திலேதான் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டலாம்னு இருந்தேன். உங்க பக்கத்திலேயே இருக்கலாமேன்னு" என்றான். அன்று அவன் சாப்பிடாமல் போய்விட்டான். கொல்லிமலையில் அந்த மகன் "எனக்கு?" என்று கேட்டபோது என் காதில் விழுந்தது இந்தக் குரல்தான்.

இது நம் வீட்டுக் கதை மட்டும் என்று எண்ண வேண்டாம். செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இதே வழக்கு நடக்கிறது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக் கடன் வசதி செய்தது. 1947இல் நியூயார்க்குக்கு அருகே லெவிட்டவுன் என்ற ஊரில் தொழிற்சாலைப் பொருள் போல வீடுகள் எழுந்தன. சாதாரணத் தொழிலாளியும் வாங்கினான். கறுப்பர்களுக்கு மட்டும் கதவு சாத்தியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்படி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பெருநகரங்களில் வாடகைக்கே சம்பளத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு விழிக்கிறார்கள். காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, முன்னால் வந்தவர்கள் எழுதி வைத்த விதிகள். பல நகரங்களில் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியில் ஒரு மனைக்கு ஒரு வீடுதான் கட்டலாம் என்று சட்டம். மாற்றக் கிளம்பினால் தெருவாசிகள் மனுவோடு வந்துவிடுவார்கள், என்னைப் போல. 2018இல் மினியாபொலிஸ் நகரமும் 2021இல் கலிபோர்னியா மாநிலமும் அந்தப் பூட்டைச் சற்றுத் தளர்த்தின.

கலிபோர்னியாவிலே இன்னொரு விசித்திரம். 1978இல் மக்கள் வாக்களித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வீட்டு வரி மதிப்பில் நூற்றுக்கு 1 பங்குதான். அந்த மதிப்பும் வீடு கைமாறும் வரை வருஷத்துக்கு நூற்றுக்கு 2க்கு மேல் ஏறக்கூடாது. 1988இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வீடு வாங்கிய ஒரு பெண்மணி, அதே மாதிரி வீட்டில் பல வருஷமாக இருக்கும் அண்டை வீட்டார் சிலரைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு வரி கட்ட வேண்டியிருந்தது. அவர் வழக்காடினார். 1992இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இதைப் படித்ததும் கிழவர்கள் எல்லாரும் சுயநலப் பிண்டங்கள் என்று ஓர் இளைஞன் சொன்னால், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தச் சட்டத்துக்கு வாக்களித்தவர்களில் பலர், ஓய்வூதியத்தில் வாழ்ந்துகொண்டு, ஏறுகிற வரியைக் கட்ட முடியாமல் பிறந்து வளர்ந்த வீட்டையே விற்க நேருமோ என்று நடுங்கியவர்கள். வயதானவனுக்குப் பழகிய தெரு என்பது வெறும் விலாசமா? மனைவி கோலமிட்ட வாசல் அது. மகன் நடை பழகிய தரை அது. அதிலிருந்து அவனைக் கிளப்புவது அநியாயம்.

அப்படியானால் நியாயம் எங்கே இருக்கிறது? விடியும் வரை புரண்டு புரண்டு நான் கண்டது இவ்வளவுதான். முன்னால் வந்தவனுக்கு உட்கார்ந்திருக்கும் உரிமை உண்டு. அவனை எழுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் பக்கத்து இடத்தில் துண்டு போடும் உரிமை அவனுக்கு இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் நாம் நல்லவர்களாகவே இருந்து கொடுமை செய்கிறோம். என் வீட்டில் நான் சாகும் வரை இருக்கலாம், அது உட்காருவது. எதிர்மனையில் யாரும் குடிவரக் கூடாது என்று மனு எழுதினேனே, அது துண்டு. வருஷத்தில் பதினைந்து நாள் வந்து தங்க, ஒருவன் வாழ வேண்டிய 20 சென்டை வளைப்பது? அதுவும் துண்டுதான், விலை கொடுத்து வாங்கிய துண்டு.

விலை கொடுத்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். சந்தையில் இரண்டு பேரும் சமமாக நிற்கும்போது அந்தப் பேச்சு சரி. வேளச்சேரி மனை ஏற்றிவிட்ட உயரத்திலிருந்து நான் கேட்கும் விலையும், பனியன் கம்பெனிக் கூலியிலிருந்து அவன் கேட்கும் விலையும் ஒரே தராசில் ஏறுமா? இதை உணர்ந்துதான் ஆந்திரத்தின் பட்டியல் பகுதிகளில் 1959ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் 1970ஆம் ஆண்டுத் திருத்தமும் பழங்குடியினர் நிலம் பிறர் கைக்குப் போவதைத் தடுக்கின்றன. தமிழ்நாட்டு மலைகள் எதுவும் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதியாக அறிவிக்கப்படவில்லை.

காலையில் போய், நிலம் வேண்டாம் என்று சொன்னேன். மகன் முகம் மலர்ந்தது என்றோ, பெரியவர் என்னை வாழ்த்தினார் என்றோ எழுதினால் அது கதையாகிவிடும். பெரியவரின் முகம் வாடிற்று. அவர் கடன் அப்படியே இருக்கிறது. என் தர்மம் அதில் ஒரு ரூபாயைக்கூட அடைக்கவில்லை. தரகர் அடுத்த ஆளுக்கு அப்போதே பேசத் தொடங்கிவிட்டார். மகன் மட்டும் பஸ் நிற்கும் இடம் வரை வந்து, பேசாமல் என் பையை ஏற்றிக் கொடுத்தான். தனி மனிதன் ஒருவன் விலகி நிற்பதால் மட்டும் இந்த வழக்குத் தீராது என்பதை அந்த மௌனம் எனக்குச் சொல்லிற்று. என்றாலும் தன் துண்டை எடுக்காதவன் பிறர் துண்டைப் பற்றிப் பேசலாகாது அல்லவா?

சென்னைக்கு வந்ததும் என் பெயரை ஆட்சேப மனுவிலிருந்து எடுத்துவிடும்படி ஒரு கடிதம் எழுதினேன். வெள்ளநீர் வடிய வழி செய்துவிட்டுக் கட்ட வேண்டும் என்பதை மட்டும் சேர்த்தேன். காலை நடையில் இரண்டு நண்பர்கள் இப்போது என்னோடு பேசுவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தான்.

"முந்தின மனுவிலேதான் தமிழ் நல்லா இருந்ததுப்பா" என்றான். இலை போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.