மூக்கு யாருடையது?

ஒரு சிலை இன்னாருடையது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? மூக்கும் முழியும் ஒத்திருப்பதை வைத்தா? அப்படியானால் நம் சேரிகளில் நிற்கும் அம்பேத்கர் சிலைகள் பலவற்றை அம்பேத்கர் என்று சொல்லவே முடியாது.

2017 மார்ச்சில் போர்த்துக்கல்லின் மதேரா விமான நிலையத்தில் கால்பந்து வீரர் ரொனால்டோவுக்கு மார்பளவுச் சிலை திறந்தார்கள். சாயல் சுத்தமாக இல்லை. உலகமே சிரித்தது. அடுத்த ஆண்டே வேறு சிலை வந்துவிட்டது. காசுள்ள இடத்தில் மூக்கைத் திருத்திக்கொள்ளலாம். கூலிக் காசில் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுச் சிமெண்டுச் சிலை வைத்தவர்கள் என்ன செய்வது?

ஜவ்வாது மலையடிவாரத்தில், அமிர்திப் பக்கம் ஒரு ஊரில் தெருக்கூத்து பார்த்துவிட்டு, விடியும்வரை இருக்க முடியாமல் நாலு பேர் இரண்டு வண்டிகளில் திரும்பிக்கொண்டிருந்தோம். காலனி முனையில் முன்னால் போனவன் சடாரென்று பிரேக் போட்டான். வண்டி வெளிச்சத்தில், இரும்புக் கூண்டுக்குள், நீலக் கோட்டு மாட்டிக் கையில் புத்தகத்தோடு நிற்கிறார் எங்களோடு வந்த வாத்தியார்! அதே உப்பிய கன்னம், அதே ஏறு நெற்றி, அதே சோடாபுட்டிக் கண்ணாடி. “சார், சொல்லாம கொள்ளாம எப்ப சார் சிலை வெச்சிக்கினீங்க?” என்றான் ஒருத்தன். “உயிரோட இருக்கறவனுக்கு வெச்சா ஆயுசு கொறையும்டா” என்று வாத்தியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். சிரிப்பு தாங்கவில்லை.

சத்தம் கேட்டுப் பீடத்தருகே படுத்திருந்த பெரியவர் எழுந்து வந்தார். “இன்னாபா, யாரு நீங்க? ராத்திரில சிலையாண்ட இன்னா வேலை?” சிரிப்பு நின்றுபோனது. சிலைக்குப் பக்கத்தில் ஒருவர் ஏன் படுத்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியாததா? விவரம் சொன்னோம். டார்ச்சை வாத்தியார் முகத்தில் அடித்துப் பார்த்ததும் அவரும் சிரித்துவிட்டார். “மேஸ்திரி கோயில் பொம்மை செய்யறவரு. காலண்டர் படத்தப் பாத்துத்தான் ஆரம்பிச்சாரு. மழையில படம் ஊறிப்பூட்ச்சி. அப்பால எங்க மூஞ்சிங்களப் பாத்துக்கினே முடிச்சிட்டாரு. அவுரு மாதிரி நாம ஆவணும்னுதான சிலை வெச்சோம்? நம்மள மாதிரி அவுரு இருந்தா இன்னா கொறஞ்சிபூடும்?”

அசல் உயர்ந்தது, நகல் தாழ்ந்தது என்ற பேச்சு பிளேட்டோ காலத்திலிருந்து இருக்கிறது. பெரியவர் ஒரே வரியில் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

தோழர்கள் மறுக்கக்கூடும். பாபாசாகேப் ரத்தமும் சதையுமாக வாழ்ந்த மனிதர். அவர் முகத்தை இஷ்டத்துக்கு மாற்றினால் இன்னொரு சாமி ஆக்கிவிட மாட்டோமா? நியாயமான பயம்தான். அரசியலில் பக்தி சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்கும் கொண்டுபோகும் என்று 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவர் அவர். ஆனால் சாமி முகத்துக்குச் சிற்ப சாத்திரம் அளவு வைத்திருக்கிறது. அங்கே பக்கத்து வீட்டுக்காரன் சாயல் வரக்கூடாது. தன் கன்னத்தையே சிலையில் பார்க்கிறவன் எப்படிக் கன்னத்தில் போட்டுக்கொள்வான்?

எந்தச் சாயலும் சரி என்று நான் சொல்லவில்லை. 2018 ஏப்ரலில் உத்தரப்பிரதேசத்தின் பதாயுன் மாவட்டத்தில், உடைக்கப்பட்ட அம்பேத்கர் சிலைக்குப் பதிலாகக் காவி உடுப்பில் ஒரு சிலை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நீலம் பூசினார்கள். அங்கே மூக்கு பற்றி யாரும் சண்டை போடவில்லை. நிறம்தான் பிரச்சினை. கோட்டு, புத்தகம், நீட்டிய விரல் இவைதான் நமக்கு அவர் முகம். உடுத்தக்கூடாது, படிக்கக்கூடாது, எதிரே நின்று பேசக்கூடாது என்று தடுக்கப்பட்ட மூன்றும் அதில் இருக்கின்றன. மேஸ்திரியின் கை பிசகியது வேறு. வேண்டுமென்றே நிறத்தை மாற்றி அவரைக் களவாடுவது வேறு.

இந்தச் சாயலில் ஆதிக்கச் சாதிகளுக்குக் குழப்பமே வருவதில்லை. 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் சிலையை உடைத்தவர்கள் மூக்கு சரியா என்று பார்த்தா உடைத்தார்கள்? 1997 ஜூலை 11இல் மும்பை ரமாபாய் நகரில் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதைக் கண்டித்துத் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 10 பேர் செத்தார்கள். ஒரு மார்பளவுச் சிலையின் அவமானம் தங்கள்மீது விழுந்த அவமானம் என்று அம்மக்களுக்குத் தெரிந்திருந்தது. சாயல் என்பது அதுதான்.

பாராளுமன்ற வளாகத்தில் அவருடைய வெண்கலச் சிலை திறக்கப்பட்டது 1967இல். அமிர்தி வன உயிரியல் பூங்கா தொடங்கியதும் அதே 1967இல்தான். பூங்காவில் விலங்குக்குக் கூண்டு. அது வெளியே வந்து மனிதரைக் கடித்துவிடுமே. காலனியிலோ சிலைக்குக் கூண்டு. இங்கே வெளியே திரிகிறவை எவை?

மூக்கைத் திருத்த ஒரு மேஸ்திரி போதும். கூண்டைக் கழற்ற ஊர் திருந்த வேண்டும்.