தீவினையாளர்க்கும் வீடுபேறு உண்டோ? – மணிமேகலை வழி ஓர் ஆய்வு

முன்னுரை

வினைக் கொள்கையை ஏற்கும் சமயங்கள் யாவும் ஒரு வினாவை எதிர்கொள்கின்றன. கொடுந்தீவினை செய்தவன் என்றேனும் விடுதலை அடைய இயலுமா என்பதே அவ்வினா. இயலும் எனின் வினைக்கு அஞ்ச வேண்டுவதில்லை என்றாகும்; இயலாது எனின் அறம் உரைத்தலே பயனற்றதாகும். பௌத்தம் இவ்விரு முனைகளுக்கும் இடையே தனக்கென ஒரு நிலையை வகுத்துக்கொண்டது. அந்நிலையைத் தமிழில் விளக்கும் தலையாய சான்று சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையாகும். இக்காப்பியம் தீவினையாளர் என எவரைக் காட்டுகிறது, அவர்க்கு எவ்வகை விடுதலையைக் கூறுகிறது என்பவற்றைப் பாலி நூற்செய்திகளோடு ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணகியின் தன்னிலை உரை

மணிமேகலையில் தன் தீவினையைத் தானே எடுத்துரைக்கும் முதன்மை மாந்தர் கண்ணகி என்பது பலர் கவனத்திற்கு வாராத செய்தியாகும். வஞ்சி மாநகர் புக்க காதையில் மணிமேகலை பத்தினிக் கோட்டத்திற்குச் சென்று தாயின் படிமத்தை வணங்கி நிற்கிறாள். அவள் வினவியதற்குக் கண்ணகித் தெய்வம் விடையிறுக்கிறது. கணவனுக்கு நேர்ந்த துயரைப் பொறாது சினங்கொண்டு மதுரையை அழித்ததாகக் கண்ணகி கூறுகிறாள். கோவலன் கொலையுண்டது முற்பிறப்பு வினையின் பயன் என மதுராபதித் தெய்வம் உரைத்ததையும் அவள் மறைக்கவில்லை. முன்செய்த நல்வினையால் இப்பொழுது வானுலக இன்பம் வாய்த்துள்ளது. அது முடிந்த பின்னர்ச் சினத்தால் விளைந்த பாவம் வந்தே தீரும். பிறந்தும் இறந்தும் பிறவிக் கடலில் உழல வேண்டும். அதன் பின்னரே புத்தர் தோன்றி அறம் உரைக்கும் காலத்தில் அதனைக் கேட்டு வீடு எய்துதல் கூடும் என்பது அவள் உரையின் சாரமாகும்.

இவ்வுரையைச் சிலப்பதிகாரத்தோடு ஒப்பிடுதல் தகும். சிலப்பதிகாரத்தில் மதுரையை எரித்த தீ கண்ணகியின் கற்பின் ஆற்றலாகப் போற்றப்படுகிறது. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விலக்கித் தீத்திறத்தாரையே சேருமாறு அத்தீ ஏவப்படுகிறது. எனவே அது நீதியின் தீயாகவே அங்குக் காட்சியளிக்கிறது. சாத்தனாரோ அதே தீயைச் சினத்தின் விளைவாகக் காண்கிறார். பௌத்தம் பகுத்துரைக்கும் பத்துத் தீவினைகளுள் வெஃகல், வெகுளல், பொல்லாக் காட்சி ஆகிய மூன்றும் உள்ளத்தில் தோன்றுவன. கண்ணகியின் வினை வெகுளலின்பாற்படும். அவள் கணவன் குற்றமற்றவன், அரசன் தவறிழைத்தவன், ஆயினும் சினம் சினமே என்பது சாத்தனாரின் முடிபு. காரணம் நேரியதாயினும் அதனைக் கருதிச் செய்த வன்செயலின் பயன் நீங்காது என்னும் கடுமையான அறக்கோட்பாடு இதனாற் பெறப்படுகிறது.

இவ்விடத்தில் சாத்தனார் கண்ணகியைத் தாழ்த்தினார் எனக் கருதுதல் பொருந்தாது. அவள் வாயிலாகவே இவ்வுண்மையை உரைக்கச் செய்தமையால் அவளை அறிவு பெற்றவளாகவும் உயர்த்தியுள்ளார். தன் வினையை வினையென்று அறிந்து கூறும் நிலை விடுதலைக்குரிய முதற்படியாகும்.

காஞ்சனனும் கந்திற்பாவையும்

தீவினை பற்றிய காப்பியத்தின் நுண்ணிய ஆய்வு உதயகுமரன் கொலையில் வெளிப்படுகிறது. காயசண்டிகை வடிவிலிருந்த மணிமேகலையைத் தன் மனைவி எனக் கருதிய விஞ்சையன் காஞ்சனன், அவளைத் தொடர்ந்து வந்த உதயகுமரனை வாளால் எறிகிறான். கந்திற்பாவை இதற்கு முற்பிறப்புக் காரணம் கூறுகிறது. உதயகுமரன் முற்பிறப்பில் இராகுலனாக இருந்தபோது, முனிவர்க்கு உணவு சமைத்த மடையன் கால் தவறிக் கலத்தைச் சிதைத்தமைக்காக அவனை வாளால் வெட்டினான். அவ்வினையே இப்பிறப்பில் அவனை வந்தடைந்தது.

வினைக் கொள்கையை மேலோட்டமாக அறிந்தோர் இதனோடு நின்றிருப்பர். உதயகுமரன் தன் வினைப்பயனை நுகர்ந்தான் எனின், காஞ்சனன் வெறுங்கருவியே என வாதிடலாம். கந்திற்பாவை அவ்வாதத்தை ஏற்கவில்லை. உதயகுமரனுக்கு அவன் முன்வினையே இறுதியைத் தந்தது எனினும், அறியாது கொலை செய்த காஞ்சனனையும் அவ்வினை விடாது வந்து பற்றும் என அது உரைக்கிறது. துன்புறுவோனின் முன்வினை துன்புறுத்துவோனுக்கு விலக்கு அளிப்பதில்லை என்பதே இதன் பொருள். வினைக் கொள்கை பிறர்க்குத் துன்பம் இழைப்போர்க்குக் கேடயமாகும் இடர்ப்பாட்டினை இவ்வொரு கூற்றால் சாத்தனார் களைந்துள்ளார் எனலாம்.

வழிபாடும் விடுதலையும்

பாலி மச்சிம நிகாயத்தில் இடம்பெறும் அங்குலிமாலன் வரலாறு கண்ணகி வரலாற்றோடு ஒப்புநோக்கத்தக்கது. கொன்றோரின் விரல்களை மாலையாக அணிந்த அக்கொலைஞன் புத்தரால் திருத்தப்பெற்றுத் துறவு பூண்டு, அப்பிறப்பிலேயே அருகத நிலை எய்தினான். ஆயினும் அவன் ஐயம் ஏற்கச் சென்றபோது கல்லும் கோலும் அவன்மேல் வந்து வீழ்ந்தன. குருதி ஒழுக, உடைந்த கலத்தோடும் கிழிந்த ஆடையோடும் வந்து நின்றவனிடம், நெடுங்காலம் நரகில் நுகரவேண்டிய வினைப்பயனை இம்மையிலேயே நுகர்வதாகக் கூறிப் பொறுத்துக்கொள்ளுமாறு புத்தர் பணித்தார்.

இவ்விருவர் நிலையையும் அருகருகே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகிறது. கோயில் கொண்டு வழிபடப்பெறும் பத்தினித் தெய்வம் இன்னும் பிறவிக் கடலில் நீந்த வேண்டியவள். ஊராரின் கல்லெறிக்கு ஆளான கொலைஞனோ அக்கடலைக் கடந்துவிட்டவன். ஆகவே உலகம் தரும் புகழும் இகழும் விடுதலைக்கு அளவுகோல் ஆகா. தீவினையின் பருமனும் தனித்து அதனை முடிவு செய்வதில்லை. உள்ளம் திரும்பிவிட்டதா என்பதே முடிவு செய்கிறது. உள்ளம் திரும்பிய பின்னும் பயன் முற்றாக மறைவதில்லை என்பதற்கு அங்குலிமாலனின் குருதியே சான்றாகிறது.

இதற்குரிய கோட்பாட்டு விளக்கம் அங்குத்தர நிகாயத்தில் உப்புக்கட்டி உவமையாக அமைந்துள்ளது. ஒரு கட்டி உப்பைச் சிறு கிண்ண நீரில் இட்டால் அந்நீர் பருகத் தகாததாகும்; அதனையே கங்கையில் இட்டால் ஆற்றுநீர் மாறாது. செய்த வினை ஒன்றாயினும் அதனைத் தாங்கும் உள்ளத்தின் விரிவுக்கேற்பப் பயன் வேறுபடும் என்பது கருத்து. எவ்வாறு செய்தானோ அவ்வாறே நுகர்ந்து தீரவேண்டும் எனின் துறவுக்கும் தவத்திற்கும் இடமில்லை என அப்பகுதி வெளிப்படையாகவே மறுக்கிறது. உப்பு மறையவில்லை, நீர் பெருகியது என்பது இவ்வுவமையின் நுட்பமாகும்.

குண்டலகேசி தரும் சான்று

ஐம்பெருங்காப்பியங்களுள் முழுமையாகக் கிடைக்காத குண்டலகேசியும் இவ்வினாவோடு தொடர்புடையது. நாதகுத்தனார் இயற்றிய இந்நூலின் கதை நீலகேசியின் உரைவழி அறியப்படுகிறது. கொலைத்தண்டனை பெற்ற காளன் என்னும் கள்வனைப் பத்திரை விரும்பி மணக்கிறாள். பின்னர் ஊடற்பொழுதில் அவனைக் கள்வன் என அவள் கூறிய சொல் பகையாகிறது. அவளைக் கொல்லும் எண்ணத்தோடு அவன் மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். அதனை உணர்ந்த பத்திரை, இறக்குமுன் வலம்வந்து வணங்க வேண்டும் எனக் கூறிப் பின்புறம் சென்று அவனைத் தள்ளிவிடுகிறாள். பின்பு உலக வாழ்வை வெறுத்துத் துறவியாகிறாள். வாதத்தில் சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தம் தழுவுகிறாள். பாலி மரபில் இவள் விரைந்து மெய்யுணர்ந்த பிக்குணியருள் முதன்மையானவளாகப் போற்றப்படுகிறாள்.

தற்காப்பின் பொருட்டுச் செய்ததாயினும் அது கொலையே. ஒரு சமயக் காப்பியம் கணவனைக் கொன்ற பெண்ணைத் தலைவியாக்கியமை எண்ணத்தக்கது. மாசற்ற ஒருவரைத் தேர்ந்து அவர்வழி அறம் உரைப்பதினும், கையில் குருதி படிந்த ஒருவர்வழி உரைப்பதே பௌத்தத்தின் கொள்கைக்கு ஏற்புடையதெனப் புலவர் கருதினார் போலும்.

தடையும் காலமும்

விடுதலை எல்லார்க்கும் ஒரே காலத்தில் வாய்ப்பதன்று. தாயைக் கொல்லுதல், தந்தையைக் கொல்லுதல், அருகதரைக் கொல்லுதல், புத்தரின் உடலில் குருதி வடியச் செய்தல், சங்கத்தைப் பிளத்தல் ஆகிய ஐந்தும் பெருந்தீவினைகளாகப் பாலி மரபில் விலக்கப்பட்டுள்ளன. இவற்றைச் செய்தோர் அப்பிறப்பில் மெய்யுணர்தல் இயலாது. தந்தையைக் கொன்ற அசாதசத்துரு புத்தரின் அறவுரையைக் கேட்டு உருகியபோதும், அக்கொலை மட்டும் இல்லாதிருப்பின் அவனுக்கு அவ்விடத்திலேயே அறக்கண் திறந்திருக்கும் எனப் புத்தர் கூறியதாகத் தீக நிகாயம் குறிப்பிடுகிறது. சங்கத்தைப் பிளந்த தேவதத்தனும் நரகத்துன்பம் நுகர்ந்த பின்னர்த் தனிப்புத்தன் ஆவான் என மிலிந்தன் வினாக்கள் கூறும். சத்தர்ம புண்டரீகம் ஒருபடி மேற்சென்று அவனுக்குப் புத்த நிலையையே முன்னறிவிக்கிறது.

சீன நாட்டில் 5ஆம் நூற்றாண்டில் இவ்வினா பெரும் பூசலாயிற்று. நன்மையின் வேரே அற்றோர் எனக் கருதப்பட்ட இச்சாந்திகரும் புத்தராதல் கூடும் என தாவோ-செங் என்னும் துறவி வாதிட்டார். அப்போது கிடைத்திருந்த மொழிபெயர்ப்பு அவர்க்கு இடந்தரவில்லை. அவர் சங்கத்தினின்று விலக்கப்பட்டார். பின்னர் மகாபரிநிருவாண சூத்திரத்தின் விரிவான மொழிபெயர்ப்பு வந்தபோது அவர் கருத்து அதனுள் காணப்பட்டது. இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், கதவு அடைபட்டதென்று கூறும் பகுதிகளும் காலத்தால் தள்ளிவைத்தலையே பெரிதும் குறிக்கின்றன என்பது தெளிவாகும். கண்ணகிக்குச் சாத்தனார் கூறுவதும் இத்தகைய காலத்தாழ்வே.

எதிர்வாதங்கள்

இறுதியில் அனைவர்க்கும் வீடு உண்டு எனின் தீமைக்கு அஞ்சுவார் யார் என்பது முதல் எதிர்வாதம். இதற்கு ஆதிரை பிச்சையிட்ட காதையில் விடை உண்டு. கலம் கவிழ்ந்து நாகர் மலையை அடைந்த சாதுவன், மனிதரைத் தின்னும் நாகர் தலைவனுக்கு அறம் உரைக்கிறான். ஊனும் கள்ளும் இன்றி வாழ்தல் எங்ஙனம் எனத் தலைவன் கேட்கிறான். அவனால் இயன்ற அளவை அறிந்த சாதுவன், கலம் உடைந்து வருவோரைக் கொல்லாதிருக்கவும், முதிர்ந்து தாமே இறக்கும் விலங்குகளை அன்றிப் பிற உயிர்களைக் கொல்லாதிருக்கவும் பணிக்கிறான். தலைவனை அசைத்தது தண்டனை பற்றிய அச்சம் மட்டும் அன்று. தனக்கும் ஓர் அறம் உண்டு என்னும் தெளிவுமாகும். திருந்த வழியே இல்லை என நம்பும் ஒருவனுக்குத் தீமையை நிறுத்தக் காரணம் ஏதும் எஞ்சுவதில்லை.

தீங்குற்றோர் நிலை யாது என்பது இரண்டாவது எதிர்வாதம்; இதுவே வலியது. கொலையுண்டோர்க்கு இழப்பு இழப்பே. கொன்றவன் மெய்யுணர்வதால் அது ஈடாகாது. பௌத்த நூல்கள் இதனை மறுக்கவில்லை. மன்னிக்கும் உரிமை எந்தத் தெய்வத்திற்கும் அங்கு அளிக்கப்படவில்லை. தீங்குற்றோரின் சார்பில் பிறர் எவரும் வினையைத் தள்ளுபடி செய்வதுமில்லை. அங்குலிமாலன்மேல் கல்லெறிந்தோரைப் புத்தர் கடிந்ததாகவும் அவ்வரலாறு கூறவில்லை.

இக்காலப் பொருத்தம்

உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தது 1898இல். அதே ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தார். அவ்வியக்கம் கோலார் தங்கவயல் மாரிகுப்பத்திலும் பெங்களூரிலும் வாழ்ந்த தமிழரிடையே வேரூன்றியது. நீலசந்திரா, அல்சூர் எனத் தமிழர் நெடுங்காலமாக வாழும் பகுதிகளைக் கொண்ட இந்நகரின் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு. பிறப்பால் தாழ்ந்தோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் பெருமளவில் அதன்பால் ஈர்க்கப்பட்டனர். அவர்களை ஒதுக்கியோர் காட்டிய காரணங்களுள் ஒன்று முன்வினை. கந்திற்பாவை காஞ்சனனுக்குக் கூறிய விடையை இச்சூழலில் பொருத்திப் பார்த்தல் தகும். ஒருவர் படும் துன்பம் முன்வினைப் பயனே எனக் கொண்டாலும், அத்துன்பத்தை இழைப்போர் புதிய தீவினையைச் செய்தோரே ஆவர். வினைக் கொள்கையைக் கொண்டு ஒடுக்குமுறையை நியாயப்படுத்த மணிமேகலை இடந்தராது.

தண்டனை பற்றிய சிந்தனைக்கும் இக்காப்பியம் பயன்படுகிறது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு மணிமேகலை சோழ மன்னனிடம் வேண்டிப் பெற்றாள். தன்னைச் சிறைப்படுத்திப் பித்தேற்றவும் இழிவுபடுத்தவும் முயன்ற இராசமாதேவிக்கு அவள் வழங்கியது அறவுரையே. 1994இல் தில்லி திகார்ச் சிறையில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட சிறைவாசிகளுக்கு கோயங்காவின் வழிகாட்டுதலில் விபாசனைப் பயிற்சி நடைபெற்றது. சிறைக்குள்ளும் உள்ளம் திரும்புதல் கூடும் என்னும் நம்பிக்கை அக்காப்பியக் காட்சிக்கும் இம்முயற்சிக்கும் பொதுவானதாகும்.

முடிவுரை

தீவினையாளர்க்கும் வீடுபேறு உண்டு என்பதே மணிமேகலை தரும் விடையாகும். ஆயினும் அது மன்னிப்பால் வருவதன்று. நேரிய காரணம் காட்டுவதால் விரைவதன்று. தெய்வநிலை எய்துவதால் உறுதிப்படுவதும் அன்று. தன் வினையைத் தன்னுடையது என ஏற்று, அதன் பயனைப் பொறுத்து, உள்ளத்தை மாற்றுவதால் வருவது. தமிழர் போற்றும் பத்தினித் தெய்வத்தையே இவ்வரிசையில் நிறுத்தியதன் மூலம், தீவினையாளர் என்போர் நம்மினின்று வேறான ஓர் இனத்தார் அல்லர் என்பதைச் சாத்தனார் உணர்த்தியுள்ளார். கதவு எவர்க்கும் அடைபடவில்லை என்னும் கூற்று கொலைஞர்க்கு மட்டும் உரிய ஆறுதலன்று. சினத்தை நீதியெனக் கருதும் நல்லோர்க்கும் அது உரியதாகும்.