உதவியின் அளவு

செவிலியப் பணியின் அடிப்படை நெறிகளைப் பயிலும் மாணவருக்கு முதலில் கற்பிக்கப்படுபவை கைகழுவுதல், நாடித்துடிப்பை எண்ணுதல், படுக்கை விரித்தல் போன்ற செயல்களே ஆதலால், அந்நெறிகள் யாவும் நோயாளிக்குச் செய்ய வேண்டியவற்றின் தொகுப்பு என்ற எண்ணம் எளிதில் வேரூன்றிவிடுகிறது. எதை, எப்போது செய்யாமல் விட வேண்டும் என்பதும் அந்நெறிகளுள் அடங்கும் என்பது பின்னரே, பல வேளைகளில் மிகவும் பின்னரே புலப்படுகிறது.

அமெரிக்கச் செவிலிய அறிஞர் வர்ஜீனியா ஹெண்டர்சன் (1897–1996) எழுதி, பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 1960இல் வெளியிட்ட சிறு நூல் இவ்விடத்தில் கருதத்தக்கது. போதிய வலிமையோ மனஉறுதியோ அறிவோ இருந்திருப்பின் ஒருவர் தாமே செய்துகொண்டிருக்கக்கூடிய செயல்களில் அவருக்குத் துணைநிற்பதே செவிலியம் என்பது அவர் வகுத்த கருத்து. அத்துணை, அவரை இயன்ற விரைவில் பிறர் கையை எதிர்பாராத நிலைக்கு மீட்பதாக அமைய வேண்டும் என்பதும் அதன் பகுதியே. மூச்சுவிடுதல், உண்ணுதல், கழிவகற்றல் எனத் தொடங்கி வழிபாடு, உழைப்பு, கல்வி வரை செல்லும் 14 தேவைகளை அவர் அடுக்கினார். தேர்வுத்தாளில் அந்தப் பதினான்கும் வரிசை பிறழாமல் எழுதப்படுகின்றன. கருத்தின் பிற்பாதிதான் மறந்துபோகிறது.

வலிமை இல்லாதபோது ஐயத்திற்கு இடமில்லை. நினைவிழந்தவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிடில், எலும்பு துருத்திய இடங்களில் ஓயாத அழுத்தத்தால் குருதியோட்டம் தடைப்பட்டுத் தோலும் தசையும் சிதைந்து படுக்கைப் புண் உண்டாகும். அறிவு இல்லாதபோது கற்பித்தலே உதவியாகிறது: இன்சுலினைத் தவறாமல் போட்டுவிட்டு, அதைத் தாமே போட்டுக்கொள்ளும் முறையைக் காட்டாமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது பாதி வேலையே.

மனஉறுதி தளர்ந்தவரிடத்தில்தான் அளவறிதல் கடினமாகிறது. பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர், அக்கையை முதலில் சட்டைக்குள் நுழைத்து நலமுள்ள கையை அடுத்து நுழைக்கவும், கழற்றும்போது நலமுள்ள கையிலிருந்து தொடங்கவும் பழகினால் தாமே உடுத்திக்கொள்ள முடியும். ஆனால் அதற்கு நெடுநேரம் பிடிக்கும். செவிலியரோ ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார். நம் அரசு மருத்துவமனைகளில் படுக்கையருகே இருக்கும் மகளோ மனைவியோ அந்த ஒரு நிமிடத்திற்கும் காத்திராமல் உடுத்தி, ஊட்டி, தலைவாரி முடித்துவிடுகிறார்கள். அன்பினால் செய்யப்படுவதாயினும், நோயாளியின் கை பழகும் வாய்ப்பை அது குறைத்துவிடுகிறது. நெரிசல் மிகுந்த வார்டில் செவிலியர் காட்டும் விரைவை அன்பு என்றுகூடச் சொல்வதற்கில்லை. அடங்கிக் கிடக்கும் நோயாளி பணியாளருக்கு வசதியானவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எனினும் விலகி நிற்பது கைவிடுவதாகிவிடக் கூடாது. முதன்முறை எழுந்து நிற்பவருக்குத் தலைசுற்றக்கூடும் என்பதால், அவரைத் தொடாமல் இருப்பவரும் தாங்கிப்பிடிக்கும் தொலைவிலேயே நிற்க வேண்டும். செயலற்றது போல் தோன்றும் அந்நிலை, தூக்கி உட்காரவைப்பதைக் காட்டிலும் கூர்ந்த கவனத்தைக் கோருகிறது.

தற்சார்பு திரும்பவே முடியாத நோயாளிகளும் உளர். ஹெண்டர்சன், நலம்பெறுதலோடு அமைதியான இறப்பையும் செவிலியத்தின் எல்லைக்குள் சேர்த்திருக்கிறார். அங்கே மீட்டுத்தர வலிமையோ கற்பிக்கப் பாடமோ எஞ்சுவதில்லை. ஆயினும் எப்பக்கம் சாய்ந்து படுப்பது, யாரை அருகில் அழைப்பது என்பவற்றை முடிவுசெய்யும் உரிமை, பேசவோ சைகை காட்டவோ முடியும்வரை நோயாளியுடையதாகவே இருக்கிறது.