துறவியின் உடலும் பிறர் கையும்

உடலின் மீதுள்ள பற்றை விடச் சொல்லும் சமயநெறி, அதே உடலைப் பிறர் பிடித்துவிடும்போது விளையும் இதத்தை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்னும் வினாவுக்கு, பாலி மொழியிலுள்ள பௌத்த நூல்கள் மேலோட்டமாகப் பார்த்தால் முரண்போலத் தோன்றும் விடையைத் தருகின்றன.

புத்தரின் நீண்ட உரைகளின் தொகுப்பான தீக நிகாயத்தின் முதல் சூத்திரமான பிரம்மஜால சுத்தம், புத்தர் விலக்கிய பழக்கங்களைக் கூறுமிடத்தில், உடலைத் தேய்த்துவிடுவதையும் பிசைந்து பிடித்துவிடுவதையும் கண்ணாடி, கண்மை, மாலை, பூச்சு ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கிறது. விலக்கின் காரணம் அந்த வரிசையிலேயே புலப்படுகிறது; உடலை அழகுபடுத்திப் பாராட்டும் மனப்போக்கே அங்கே கடியப்படுகிறது. பிக்குணிகள், அதாவது பெண் துறவிகள், ஒருவரையொருவர் உடல் பிடித்துவிடச் செய்வதைக் குற்றமாக்கும் வினய விதியும், அதாவது துறவியர் ஒழுக்க நூலின் விதியும், நோயுற்ற நிலையில் அது குற்றமாகாது என்று சேர்த்தே சொல்கிறது.

புத்தரின் முதுமையைக் காட்டும் சம்யுத்த நிகாயம் என்னும் மற்றோர் உரைத்தொகுப்பின் பகுதியொன்று இதைவிடவும் நுட்பமானது. சாவத்தி நகரில், தியானத்திலிருந்து எழுந்த புத்தர் மாலை வெயிலில் முதுகைக் காய வைத்தபடி அமர்ந்திருக்க, அவருடைய கைகால்களைத் தடவிப் பிடித்துவிடும் அணுக்கச் சீடர் ஆனந்தர், தோலின் ஒளி மங்கியதையும், உறுப்புகள் தளர்ந்து சுருக்கம் விழுந்ததையும், உடல் முன்னே கூனியதையும் வியந்து கூறுகிறார். புத்தரும் முதுமையின் இயல்பு அதுவே என்று ஒப்புக்கொள்கிறார். பணிவிடை செய்யும் கையே நிலையாமையை அறியும் கருவியாகவும் அமைவது, இப்பகுதியை வெறும் உபசாரக் காட்சியாகப் படிப்பவர் தவறவிடும் செய்தி.

இந்த அணுகுமுறையின் தத்துவ அடிப்படை சார்பில் தோற்றக் கோட்பாட்டில், அதாவது ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றுகிறது என்னும் பௌத்தக் கொள்கையில், உள்ளது. அதன்படி, புலனும் பொருளும் கூடும் ‘பஸ்ஸ’ என்னும் தீண்டலால் ‘வேதனா’ என்னும் நுகர்ச்சி உண்டாகிறது. இச்சொல் இங்கே இன்பம், துன்பம், இரண்டுமற்ற நிலை ஆகிய மூன்றையும் குறிக்கும். நுகர்ச்சியிலிருந்து ‘தண்ஹா’ என்னும் வேட்கை பிறக்கிறது. உடல் உள்ளவரை தீண்டலையும் நுகர்ச்சியையும் அறவே ஒழிப்பது புத்தருக்கும் இயலாது. நுகர்ச்சி வேட்கையாக மாறுமிடத்தில்தான் பயிற்சி செயற்பட முடியும். எனவே, பிடித்துவிடுவதால் வரும் இதம் தன்னளவில் மாசுடையது என்று கொள்ள இக்கோட்பாட்டில் இடமில்லை.

இன்றைய நரம்பியல் இந்தச் சங்கிலியின் முதற் கண்ணிகளை விளக்கியுள்ளது. மயிர் வளரும் தோலில் உள்ள ஒருவகை மெல்லிய நரம்பிழைகள், வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மென்மையாக நீவும்போது மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. தொட்ட இடத்தைத் துல்லியமாக உணர்த்துவதைவிட, தொடுகையின் இதத்தை உணர்த்துவதே இவற்றின் பணியாகக் கருதப்படுகிறது. தசையிறுக்கம் தளர்வதும் பதற்றம் சிறிது நேரம் தணிவதும் பலரும் அனுபவத்தில் கண்டவை. நாட்பட்ட முதுகுவலியில் கிடைக்கும் ஆறுதலோ பெரும்பாலும் குறுகிய காலமே நீடிக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

ஆயினும் வினாவின் வேரைத் தொடுவது பச்சிளங்குழந்தைகளைப் பற்றிய ஆய்வு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை நாளுக்கு மூன்று முறை, 15 நிமிடம் வீதம், 10 நாட்கள் நீவிவிட்டுக் கைகால்களை மடக்கி நீட்டியபோது, அவ்வாறு செய்யப்படாத குழந்தைகளைவிட அவற்றின் அன்றாட எடைப்பெருக்கம் 47 விழுக்காடு அதிகமாக இருந்ததை, 1986-இல் டிஃபனி ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் வெளியிட்டனர். தன் உடலைப் பாராட்டவோ ஒப்பனை செய்யவோ அறியாத குழந்தைக்கு, தீண்டல் உணவைப் போன்ற தேவையாகவே அமைகிறது. அந்தத் தேவை நிறைவேறி வளர்ந்தவரிடம்தான், அதன் மிகையைத் துறக்கச் சொல்வதற்குப் பொருள் உண்டு. நோயும் மூப்பும் மனிதரை மீண்டும் பிறர் கையை நம்பியிருக்கும் நிலைக்குக் கொண்டுவருவதால், நோயுற்ற பிக்குணிக்கு வினயம் அளித்த விதிவிலக்கை விதியின் தளர்ச்சியாகப் படிப்பது பொருந்தாது. விதி எதைக் கடிகிறதோ அது அங்கே இல்லவே இல்லை.