காற்றும் கர்த்தாவும்: பலூன் வண்டியை முன்வைத்து ஒரு விசாரணை

ஒரு பொருள் நகரும்போது அதை நகர்த்துவது எது என்ற கேள்வியும், ஒரு செயல் நடக்கும்போது அதைச் செய்பவர் யார் என்ற கேள்வியும் தத்துவ வரலாற்றில் நெடுங்காலம் இணைந்தே வளர்ந்தவை. முதலாவது இன்று இயற்பியலின் பாடமாகிவிட்டது. இரண்டாவது சமயத்தின் வசம் நின்றுவிட்டது. இந்தப் பிரிவினைக்குப் பின், இயற்கைக் காரணம் தெரிந்துவிட்ட இடத்தில் இறைவனுக்கு வேலையில்லை என்று கருதுவோரும், இறைவனுக்கு வேலை இருக்க வேண்டுமானால் விளக்கத்தில் எங்கேனும் ஓர் ஓட்டை எஞ்சியிருக்க வேண்டும் என்று கருதுவோரும் பெருகினர். இரு சாராரும் செய்யும் பிழை ஒன்றே என்பதும், அதைத் திருத்தும் வழி வைணவ வேதாந்தத்தில் முன்பே வகுக்கப்பட்டுள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. அக்கருத்தை ஆராய்வதற்குப் பள்ளிப் பிள்ளைகள் செய்து ஓட்டிப் பார்க்கும் பலூன் வண்டியே போதுமான சான்றாகும்.

விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் இந்த விசாரணைக்கு உகந்த ஊர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த தலம்; ஆடிப்பூரத்தன்று ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருளும் அதன் தேர் தமிழகத்தின் பெரிய தேர்களுள் ஒன்று. ராஜபாளையமோ பருத்தி ஆலைகளின் ஊர், பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் நிறுவிய ராஜபாளையம் மில்ஸ் முதலான நூற்பாலைகளும், பக்கத்துச் சத்திரப்பட்டியின் மருத்துவக் கட்டுத்துணி நெசவும் அதன் வாழ்வாதாரங்கள். ஆலையில் இழை அறுந்தால் எந்திரத்தில் காரணம் தேடுகிற கைகளே ஆடி மாதத்தில் தேர் வடம் பிடிக்கின்றன. காரணம் தேடும் அறிவும் கைகூப்பும் நம்பிக்கையும் ஒரே மனத்தில் முரணின்றி இருக்க முடியுமா என்பது இந்நிலத்துக்கு ஏட்டுக் கேள்வி அன்று.

பலூன் வண்டி செய்வது எளிது. காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று வண்டியின் உடலாகிறது. அதன் அடியில் குளிர்பான உறிஞ்சுகுழல் இரண்டைக் குறுக்காக ஒட்டி, அவற்றினூடே மெல்லிய மூங்கில் குச்சிகளைச் செருகினால் அச்சுகள் கிடைக்கின்றன. நடுவில் துளையிட்ட பாட்டில் மூடிகள் நான்கு சக்கரங்களாகின்றன. பலூனின் கழுத்தை வேறொரு குழலின் நுனியில் ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டி, அக்குழலைப் பாட்டிலின் முதுகில் பின்நோக்கி ஒட்டிவிட்டால் வண்டி முடிந்தது. குழலில் வாய் வைத்து ஊதி, விரலால் அடைத்து, தரையில் வைத்து விரலை எடுத்தவுடன் அது ஓடுகிறது. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் செய்து பார்த்துக் கற்பதற்காகத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய வானவில் மன்றத்தின் நோக்கம் இத்தகைய எளிய சோதனைகளுக்கு இடம் தருவதே. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் முதல் அலகான இயக்க விதிகளும் இவ்வண்டியின் ஓட்டத்தில் அடங்கிவிடுகின்றன.

வண்டி ஓடும் முறையைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். ஊதிய பலூனுக்குள் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட மிகுந்திருக்கிறது. அது உட்சுவரை எல்லாத் திசையிலும் தள்ளுகிறது. வாய் அடைத்திருக்கும்வரை ஒரு பக்கத் தள்ளலை எதிர்ப்பக்கத் தள்ளல் ஈடுசெய்கிறது. வாய் திறந்ததும் அந்த இடத்தில் தள்ளப்படுவதற்குச் சுவர் இல்லை. எதிரே உள்ள முன்சுவரின் மீதான தள்ளல் ஈடின்றி எஞ்சுவதால் வண்டி முன்னேறுகிறது. பின்னால் சீறும் காற்று வெளியிலுள்ள காற்றில் மோதித்தான் வண்டியைத் தள்ளுகிறது என்று பலர் எண்ணுவது தவறு. வண்டி காற்றைப் பின்னே தள்ளுகிறது, அதே அளவு விசையோடு காற்று வண்டியை முன்னே தள்ளுகிறது. நியூட்டன் 1687இல் வெளியிட்ட பிரின்சிபியா நூலின் மூன்றாம் விதி இதுவே. மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் ராக்கெட் எந்திரங்களும் இவ்விதியால் இயங்குவதால்தான் காற்றே இல்லாத வெளியிலும் அவை உந்துவிசை தருகின்றன.

செய்து முடித்த வண்டி முதல் ஓட்டத்திலேயே நேராகப் போவது அரிது. முன் அச்சும் பின் அச்சும் இணையாக இல்லாவிட்டால் அது ஒருபக்கமாக வளைந்து சுவரில் முட்டுகிறது. மூடியின் துளை மையத்திலிருந்து சற்றே விலகினால் சக்கரம் நொண்டுகிறது. ஒட்டும்போது பசை குழலுக்குள் இறங்கிவிட்டால் அச்சு சுழலாமல் இறுகுகிறது. குழல் அகலமானால் காற்று விரைவில் தீர்ந்துவிடுகிறது. மிகக் குறுகினால் காற்று நெடுநேரம் வந்தும் உராய்வை வெல்லும் அளவுக்கு உந்துவதில்லை. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்து, ஓடிய தொலைவை அளந்து எழுதும் மாணவி, குறை எங்கே என்பதை வண்டியிடமே கேட்டறிகிறாள். இவ்வொழுக்கத்தில் ஓர் அடக்கம் இருக்கிறது: தன் எண்ணம் பிழையென்று பொருள் காட்டினால் எண்ணத்தை விடுவதற்கு அவள் முன்கூட்டியே இசைந்திருக்கிறாள்.

முயற்சியிலிருந்து ஓட்டம் பிறக்கும் இத்தகைய நிகழ்வரிசையை இந்திய மரபு அறியாததன்று. பொருள்களையும் அவற்றின் குணங்களையும் செயல்களையும் வகைப்படுத்திய வைசேடிக தரிசனம் தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் 27ஆம் காதையில் பல சமயவாதிகளோடு வைசேடிகவாதியும் தன் கொள்கையை உரைக்கிறான். அத்தரிசனத்தின் முதன்மை உரையாசிரியரான பிரசஸ்தபாதர் வில்லிலிருந்து அம்பு புறப்படும் விதத்தைப் படிப்படியாக விளக்குகிறார். ஆன்மாவின் குணமான பிரயத்தினம், அதாவது முயற்சி, கையை அசைக்கிறது. கை நாணை இழுக்க, வில் வளைகிறது. வளைந்த பொருளைப் பழைய நிலைக்கு மீட்கும் ஸ்திதிஸ்தாபகம் என்னும் மீள்திறன் நாணைத் திரும்பச் செலுத்துகிறது. நாண் அம்பை உந்துகிறது. உந்தலில் பிறந்த வேகம் அம்பை இலக்குவரை கொண்டுசெல்கிறது. இதில் வில்லின் இடத்தில் பலூனையும் அம்பின் இடத்தில் வண்டியையும் வைத்தால் விளக்கம் பெரிதும் பொருந்துகிறது: மாணவியின் முயற்சி மூச்சாகிப் பலூனை விரிக்கிறது, ரப்பரின் மீள்திறன் காற்றை வெளியேற்றுகிறது, காற்று தீர்ந்த பிறகும் பெற்ற வேகத்தால் வண்டி உருண்டு, உராய்வில் அவ்வேகம் அழிய நிற்கிறது.

ஆனால் அதே வைசேடிகம் ஓரிடத்தில் சறுக்குகிறது. காந்தத்தை நோக்கி ஊசி நகர்வதற்குத் தொட்டுத் தள்ளுகிற காரணம் எதுவும் காணப்படாமையால், அவ்வியக்கத்துக்கு அதிருஷ்டமே காரணம் என்று வைசேடிக சூத்திரம் கூறுகிறது. அதிருஷ்டம் என்பது புலனுக்கு எட்டாத காரணம். உரை மரபில் அது முன்வினைப் பயனையும் குறித்தது. காந்தவியல் வளர்ந்தபின் ஊசிக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. அறியாமை இருந்த இடத்தில் சமயக் கருத்தைக் குடியமர்த்தினால், அறிவு வரும் நாளில் அக்கருத்து இடம்பெயர நேரும் என்பதற்கு இது சான்று. வண்டி வளைந்து ஓடும்போது அச்சைப் பார்க்காமல் விதியைச் சொல்லும் ஆசிரியர் இயற்பியலுக்கு மட்டுமன்றி விதி என்ற கோட்பாட்டுக்கும் தீங்கு செய்கிறார். ஏனெனில் பசையால் திருத்தக்கூடிய ஒன்றுக்கு அக்கோட்பாட்டைச் செலவழித்துவிடுகிறார்.

இதற்கு எதிர்முனையில் நிற்பது, இயற்கைக் காரணங்களுக்குத் தம்மளவில் ஆற்றலே இல்லை என்னும் கொள்கை. பாரசீகத்தின் இஸ்லாமிய அறிஞர் அல் கஸ்ஸாலி (1058–1111), பருத்தி நெருப்பைத் தொட்டதும் எரிவதை எடுத்துக்காட்டி, தொடுதலும் எரிதலும் சேர்ந்து நிகழ்வதைத்தான் கண் காண்கிறது, ஒன்று மற்றதைக் கட்டாயமாக விளைவிப்பதை அன்று என்று வாதிட்டார். எரிப்பவன் இறைவனே என்பது அவர் முடிவு. காரணங்களை மறுப்பவர் அறிவையே மறுக்கிறார் என்று இப்னு ருஷ்து (1126–1198) அதற்கு மறுமொழி எழுதினார். பஞ்சையும் தீப்பொறியையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காக்கும் ஆலை ஊரில் இவ்விவாதத்தின் கனம் எளிதில் விளங்கும். இறைவனின் ஆட்சியைக் காப்பதற்காக நெருப்பின் இயல்பை மறுத்துவிட்டால், நெருப்பிலிருந்து பஞ்சைக் காக்கும் கடமைக்கும் பிடிமானம் தளர்கிறது.

இவ்விரு முனைகளுக்கும் இடையே வைணவ வேதாந்தியான இராமானுசர் வகுத்த வழி கூர்மையானது. இயங்குவன எல்லாம் பிறிதொன்றால் இயக்கப்படுகின்றன என்று கொண்டு, பின்னோக்கிச் சென்று முதல் இயக்குநரை அடைவது அரிஸ்டாட்டிலின் முறை. வண்டியிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து மூச்சுக்கும், மூச்சிலிருந்து உண்ட சோற்றுக்கும், சோற்றிலிருந்து நெல்லை வளர்த்த வெயிலுக்கும் செல்வது இம்முறையைப் போன்றது. இராமானுசரோ சங்கிலியின் கோடியில் இறைவனைத் தேடவில்லை. பிருகதாரணியக உபநிடதத்தின் அந்தர்யாமிப் பகுதி, நிலத்திலும் நீரிலும் காற்றிலும் உயிரிலும் உள்ளே நின்று, அவை அறியாமலே அவற்றை நியமிப்பவன் என்று இறைவனைச் சொல்கிறது. அந்தர்யாமி என்பது உள்நின்று இயக்குபவன் என்னும் பொருளது. உலகம் உடல், இறைவன் அதன் உயிர் என்னும் விசிட்டாத்துவைதக் கொள்கை இதன்மேல் எழுந்தது. அவ்வகையில் இறைவன் காரணச் சங்கிலியில் ஒரு கண்ணி அல்லன். ஒவ்வொரு கண்ணியும் கண்ணியாக இருப்பதற்கு ஆதாரமானவன்.

அப்படியானால் செய்பவர் யார்? இராமானுசர் இயற்றிய ஸ்ரீபாஷ்யத்தின் பராயத்தாதிகரணம், அதாவது உயிரின் செயலுரிமை பரம்பொருளைச் சார்ந்தது என்று நிறுவும் பகுதி, இக்கேள்விக்கு விடை தருகிறது. உயிர் முதலில் முயல்கிறது. அம்முயற்சியை நோக்கி இறைவன் அனுமதி தந்து அதைச் செயலில் செலுத்துகிறான். இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவர் பிறருக்குக் கொடுக்க விரும்பினால் பங்காளியின் இசைவு வேண்டும்; ஆயினும் இசைவைக் கேட்டுப் பெற்றவர் அவர் ஆதலால் கொடையின் பயன் அவரையே சேரும் என்பது இராமானுசர் தரும் விளக்கம். இசைவின்றிச் செயல் இல்லை. எனினும் பொறுப்பு இசைவு தந்தவரிடம் சென்றுவிடுவதில்லை.

பின்வந்தோரிடையே அருளுக்கும் முயற்சிக்கும் உள்ள உறவு பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. தாயை இறுகப் பற்றும் குரங்குக்குட்டியைப் போல உயிரின் பங்காக ஒரு சிறு வியாஜமேனும், அதாவது அருள் செய்வதற்கு ஒரு சாக்கேனும், வேண்டும் என்றது வேதாந்த தேசிகரின் வழிவந்த வடகலை. தாய்ப்பூனை வாயால் கவ்விச் செல்லும் குட்டியைப் போல அருள் காரணமின்றியே வருவது என்றது பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசன பூஷணத்தைப் போற்றும் தென்கலை. இவ்வேறுபாட்டிலும் ஓர் ஒற்றுமை உண்டு: இரு மரபுகளும் முயற்சியில் குறைந்ததை நிரப்பும் மீதியாக அருளை எண்ணவில்லை, வீடுபேற்றுக்கு வழியாக நிற்பவன் இறைவனே என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். பலூன் வண்டி இதை ஓரளவு தெளிவாக்கும். உள்ளே சென்ற காற்று முழுவதும் மாணவி ஊதியது. முன்னே தள்ளும் விசை முழுவதும் காற்றினது. இவற்றில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று கேட்பது பொருளற்றது. உவமையின் எல்லையையும் உணர வேண்டும்: மாணவி காலத்தால் முற்பட்ட காரணம், விரலை எடுத்தபின் அவள் விலகி நிற்கிறாள், அந்தர்யாமியோ ஒருபோதும் விலகி நிற்பவன் அல்லன்.

தேர் வீதியின் நடைமுறை இத்தத்துவத்துக்கு இணங்கவே இருக்கிறது. வடம் பிடிப்போர் தெய்வமே தேரை நடத்துகிறது என்று உறுதியாக நம்புகின்றனர். அதே வேளையில், நின்ற தேரைக் கிளப்பச் சக்கரத்தின் பின்னே தடி போடுவதும், ஓடும் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தின் முன்னே சறுக்குக்கட்டை வைப்பதும் தென்மாவட்டங்களில் தேர்ச்சி பெற்றோரிடமே ஒப்படைக்கப்படுகின்றன. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரமும் தடைக்கருவியும் அமைத்தபோது தேரின் தெய்வத்தன்மை குறைந்ததாகப் பக்தர்கள் கருதவில்லை. கட்டையைச் சரியான கணத்தில் வைக்காதவர், தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லித் தப்ப முடியாது. நம்பிக்கை அங்கே கவனத்தைக் கூட்டுகிறது.

இனி ஓர் ஆட்சேபம் எஞ்சுகிறது. வண்டியின் ஓட்டம் முழுவதும் அழுத்தத்தாலும் உராய்வாலும் விளங்கிவிடுமானால், இறைவனைச் சொல்வதால் கூடுவது என்ன? வண்டி எத்தனை அடி ஓடும் என்ற கணக்கில் எதுவும் கூடுவதில்லை. கூட வேண்டும் என்று எதிர்பார்ப்பதே காந்த ஊசியில் நேர்ந்த பிழை. கூடுவது செய்பவரின் நிலையில். செயல், பயன் இவற்றில் நான் மட்டுமே, எனது மட்டுமே என்ற எண்ணத்தை விடுவதை வைணவ ஆசாரியர்கள் சாத்விகத் தியாகம் என்றனர். இங்கு செயல் கைவிடப்படுவதில்லை, செயலின் மீதான தனியுரிமைச் செருக்கே கைவிடப்படுகிறது. அத்தியாகம் உடையவருக்கு வண்டி நேராக ஓடினால் நன்றி உண்டு, கோணலாக ஓடினால் அச்சைத் தாமே திருத்தும் பொறுப்பும் உண்டு. நன்றி மட்டும் இருந்து பொறுப்பு இல்லாவிட்டால் அது சோம்பல். பொறுப்பு மட்டும் இருந்து நன்றி இல்லாவிட்டால் அது அகந்தையாகவோ, தோற்ற நாளில் மனமுறிவாகவோ முடிகிறது.

ஆகவே அறிவியல் வகுப்பில் சோதனையைக் கண்டு சமயம் அஞ்ச வேண்டியதில்லை. சோதனை வென்ற இடத்தில் சமயம் தோற்றதாக அறிவியல் எண்ணவும் வேண்டியதில்லை. காரணங்கள் ஒன்றையொன்று இடம்பெயர்ப்பன என்ற எண்ணம் தவறானது. ஒன்றின் வேலையை மற்றதிடம் ஒப்படைப்பதும் அவ்வாறே தவறானது. எது நகர்த்தியது என்று கேட்கும்போது அச்சையும் குழலையும் அளந்து விடை காண வேண்டும். யார் செய்தார் என்று கேட்கும்போது தன் பொறுப்பை ஏற்று, தன்னைத் தாங்குவதை வணங்கி விடை காண வேண்டும். இரண்டு கேள்விகளையும் அவற்றுக்குரிய இடத்தில் கேட்கப் பழகிய மாணவர், பின்னாளில் ஆலையிலும் தேர் வீதியிலும் ஒரே நேர்மையோடு நிற்க இயலும். அத்தகைய மாணவரை உருவாக்குவது அறிவியல் கல்விக்கும் சமயக் கல்விக்கும் பொதுவான கடமை.