திரும்பிப் போகச் சொன்ன மலை

தமிழ்நாட்டின் காரிமங்கலத்தைத் தொட்டுச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வடக்கே ஸ்ரீநகர் வரை போகிறது. ஆனால் இங்கிருந்து உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குப் புறப்படுகிறவருக்கு டெல்லி, ஹரித்வார் வரை ரயில்தான் வசதி. அங்கிருந்து ஜோஷிமட், கோவிந்த்காட் வழியாகப் புல்னா வரை மலைச்சாலை. புல்னாவிலிருந்து பூங்காவுக்கு அருகிலுள்ள காங்கரியாவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் நடை. பூங்கா ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். பூ நிறைந்து கிடப்பது ஜூலை, ஆகஸ்ட் மழையில். சாலையில் மண் சரிவதும் அதே மழையில்தான். காலையில் உள்ளே போனவர் மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும், இரவு தங்க அனுமதியில்லை. காங்கரியாவில் பிரியும் இன்னொரு பாதை 4,000 மீட்டருக்கும் மேலே சீக்கியர்களின் ஹேம்குண்ட் சாகிப்புக்கு ஏறுகிறது.

பயணத் திட்டம் இவ்வளவுதான். இதற்குள் பழைய கேள்வி ஒன்றும் இருக்கிறது: தெய்வம் குடியிருப்பதாக நம்பும் மலைக்கு மனிதர் போய்த்தான் ஆக வேண்டுமா? போகாமல் விடுவதும் வழிபாடு ஆகுமா?

சைவ மரபில் இதற்கு ஒரு கதை உண்டு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருநாவுக்கரசர் முதுமையில் கயிலைக்குப் புறப்பட்டதைப் பெரியபுராணம் விரிவாகச் சொல்கிறது. காசியைக் கடந்தபின் தனியாக நடக்கிறார். கால் தேய்ந்ததும் கையால் தவழ்கிறார், கை தேய்ந்ததும் மார்பால் ஊர்கிறார், அதுவும் முடியாமல் புரள்கிறார். எதிரே வந்த முனிவர், கயிலை மானிடர் அடையக்கூடியதல்ல, திரும்பிப் போகலாம் என்கிறார். நாவுக்கரசர் மறுக்கிறார். முடிவில் இறைவன் சொற்படி அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுகிறார். அங்கே அவர் கண்டது பனிச்சிகரம் அல்ல. களிறும் பிடியும், மயிலும் பெடையும், பன்றி, மான், நாரை, கிளி என இணை இணையாக வரும் உயிர்கள். அவற்றையே சிவமும் சக்தியுமாகக் கண்டு பாடினார். ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இந்தக் கயிலைக் காட்சி இன்றும் விழாவாக நடக்கிறது. பாதி வழியில் நின்றுபோன பயணத்தைக் குறைப்பயணமாக மரபு எண்ணவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

மலையைத் தேடிப் போவதற்குப் பதில் மலையை ஊருக்கே வரவழைத்துக்கொள்வதும் இதே மனப்பாங்குதான். காரிமங்கலத்துக் குன்றின் மேல் இருக்கும் அருணேஸ்வரரும் அபிதகுஜாம்பாளும் திருவண்ணாமலையை நினைவூட்டும் பெயர்கள். ஆனால் தமிழ்நாடு முழுவதும் இப்படி அடங்கி நின்றுவிடவில்லை. வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஆண்டுதோறும் பெருங்கூட்டம் ஏறத்தான் செய்கிறது. இரண்டுக்கும் நடுவே வலம் வருவது என்றொரு வழி இருக்கிறது. அண்ணாமலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலமும், கயிலையைச் சுற்றும் 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரிக்ரமாவும் அந்த வகை. போக வேண்டும், ஆனால் உச்சியில் கால் வைக்க வேண்டாம். கயிலைச் சிகரத்தில் மனிதர் ஏறியதாகப் பதிவு இல்லை.

மலர்ப் பள்ளத்தாக்குக்கு அருகிலுள்ள நந்தா தேவி (7,816 மீட்டர்) இந்தக் கேள்வியை நம் காலத்துக்குக் கொண்டுவருகிறது. அப்பகுதி மக்களுக்கு அந்தச் சிகரம் பார்வதி. புகுந்த வீடாகிய கயிலைக்குப் போகும் மகள். சிகரங்கள் வேலியிட்ட அதன் உள்வட்டத்துக்குள் 1934இல் மலையேறிகளான எரிக் ஷிப்டனும் டில்மனும் முதன்முதலாக வழி கண்டார்கள்; 1936இல் டில்மனும் ஓடலும் உச்சியைத் தொட்டார்கள். பிற்காலத்தில் மலையேறிகளும் சுமைகூலிகளும் விட்டுப்போன குப்பை, விறகுக்கு வெட்டிய மரம், வேட்டை எல்லாம் காரணமாக 1982இல் அப்பகுதி தேசியப் பூங்கா ஆனது. அடுத்த ஆண்டே உள்வட்டம் மூடப்பட்டது. நம்பிக்கை போட்டிருந்த எல்லையைச் சட்டம் திரும்பப் போட்டது என்று இதை வாசிக்கத் தோன்றும்.

அந்த வாசிப்பில் பாதி உண்மைதான். நந்தா தேவிப் பூங்காவின் ஓரத்தில் லாதா, ரேணி முதலிய ஊர்கள் இருக்கின்றன. 1974இல் கௌரா தேவியும் ஊர்ப்பெண்களும் மரங்களைக் காத்து நின்ற, சிப்கோ இயக்கத்தின் ரேணி இதுவே. மேய்ச்சலும் மலையேறிகளிடம் கிடைத்த கூலியும் இவ்வூர்க்காரர்களுக்கு அந்தத் தடையோடு நின்றுபோயின. காரிமங்கலத்திலிருந்து போகிறவர் ஒரு சிகரத்தை விட்டுக்கொடுத்தால் அது துறவு. போகும் வசதி இருந்தும் போகாதிருப்பது. லாதாக்காரர் விட்டது அப்படியல்ல, அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. நாவுக்கரசர் கதையிலும் முனிவர் அவரைத் தடுத்ததோடு முடியவில்லை, திருவையாற்றில் ஒரு காட்சி காத்திருந்தது. மாற்று எதுவும் தராத தடையைப் புனிதத்தின் பெயரால் நியாயப்படுத்த அந்தக் கதை உதவாது.

ஆகவே பயணம் போகிறவருக்கு மரபு இடும் கட்டளை போகாதே என்பதல்ல. காங்கரியாவில் மூச்சு வாங்கித் தலை சுற்றினால் அங்கேயே நின்றுவிடலாம், யாத்திரை கெட்டுவிடாது. பாதையை விட்டு விலகிப் பூவின் மேல் மிதிக்காதிருப்பது வலம் வருவதன் ஒழுங்கு. உள்ளூர் வழிகாட்டியையும் சுமைகூலியையும் அமர்த்திக்கொண்டு போவது, எல்லை போட்டதால் இழந்தவர்களுக்குச் செய்ய வேண்டிய கடன்.